இடிப்பதற்கு முன்: காவிரிப் படுகையின் பழைய பள்ளிகளும் வீடுகளும்



நாகப்பட்டினத்திலிருந்து வடக்கே கடலோரச் சாலையில் செல்வோருக்கு, நாகூர் என்னும் ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் மினாராக்கள் தென்னந்தலைகளுக்கு மேலே தெரியத் தொடங்கிவிடும். மொத்தம் ஐந்து. அவை ஒரே உயரமுடையவை அல்ல. ஒரே காலத்தில் கட்டப்பட்டவையும் அல்ல. அவற்றுள் மிக உயர்ந்ததைப் பெரிய மினாரா என்கிறோம். அதன் உயரம் 131 அடி எனக் கணக்கிடப்படுகிறது. அதைக் கட்டுவித்தவர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங். வெட்டாறு கடலில் கலக்கும் அந்த முகத்துவாரத்துக்குத் திரும்பி வரும் படகுக்காரர்களுக்கு, கரையைக் காட்டும் அடையாளமாக இரண்டரை நூற்றாண்டுகளுக்கும் மேலாக அது நின்றுகொண்டிருக்கிறது.

'மினாரா' என்னும் சொல் தஞ்சைச் சீமையில் எவ்வளவு ஆழமாக ஊன்றிவிட்டது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. ஆங்கிலேயர் நெப்போலியனை வென்றதைக் கொண்டாடுவதற்காக இரண்டாம் சரபோஜி மன்னர் 1814-15-இல் மல்லிப்பட்டினத்தை அடுத்த கடற்கரையில் ஓர் அடுக்குக் கோபுரம் எழுப்பினார். அதற்கு வழங்கும் பெயர் மனோரா. இந்து மன்னர் ஒருவர், கிறிஸ்தவ நாட்டுப் படையின் வெற்றியின் நினைவாகக் கட்டிய கோபுரத்தின் பெயரில் நம் பள்ளிவாசலின் சொல் ஒலிக்கிறது.

தர்கா குறித்து நம் சமுதாயத்தில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட நிலைப்பாடுகள் உள்ளன என்பதை நாம் அறிவோம். அந்த விவாதத்தைத் தொடங்குவதற்காக நாகூரை முன்னிறுத்தவில்லை. இங்கே நாம் பேசப்போவது செங்கல்லையும் சுண்ணாம்பையும், அவற்றை விட்டுச் சென்ற முன்னோரையும், அவற்றை வைத்துக்கொண்டு விழிக்கும் நம்மையும் பற்றித்தான். கந்தூரிக்குச் செல்பவரும் செல்லாதவரும் ஒன்றாக அமர்ந்து பேச வேண்டிய செய்தி இது.

நாகூரின் மினாராக்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. இரும்புக் கம்பியோ சிமெண்டோ அக்காலத்தில் இல்லை. கடலுக்கு அருகில், உப்புக் காற்றில், மழைக்காலத்தில் நீர் ஊறும் மண்ணின்மீது 131 அடிக்கு ஒரு கட்டுமானம் எப்படி நிற்கிறது? 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைச் சூறையாடிய புயலையும் அது கண்டது. 2004 டிசம்பர் 26-இல் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன ஆழிப்பேரலையையும் கண்டது. 2018 நவம்பரில் வந்த கஜா புயலையும் கண்டது.

விடையின் ஒரு பாதி சுண்ணாம்பில் இருக்கிறது. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, மணலுடன் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை ஊற்றிப் பக்குவப்படுத்திய சாந்து, சிமெண்டைப்போல் ஒரே நாளில் இறுகிவிடாது. காற்றிலுள்ள கரிவளியை மெல்ல மெல்ல உறிஞ்சி, ஆண்டுக்கணக்கில் மீண்டும் கல்லாக மாறும். அதில் சிறிதளவு நெகிழ்ச்சி எப்போதும் எஞ்சியிருக்கும். காவிரிப் படுகையின் களிமண்ணைப் பற்றி விவசாயிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் நீர் வந்ததும் உப்பி மேலெழும். அம்மண்ணின்மீது நிற்கும் சுவர் ஆண்டுதோறும் மயிரிழையளவு அசையத்தான் செய்யும். சுண்ணாம்புச் சுவர் அந்த அசைவைத் தாங்கிக்கொள்ளும். சிறு விரிசல்களைத் தானே ஓரளவு மூடிக்கொள்ளவும் செய்யும். விறைத்த சிமெண்டுப் பூச்சு அவ்விடத்தில் பிளந்துகொள்கிறது.

மறு பாதி ஈரத்தைப் பற்றியது. பழைய சுவர் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வெளிப்புறமாக அதை ஆவியாக விட்டுவிடும். நாம் நல்ல எண்ணத்தோடு, 'உறுதியாக இருக்கட்டும்' என்று அதன்மீது சிமெண்டு பூசி, பளபளக்கும் பெயிண்ட் அடித்து, இடுப்பளவுக்கு டைல்ஸும் ஒட்டிவிட்டால் அந்த ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. உள்ளே தங்கும் நீரோடு கலந்திருக்கும் உப்பு படிகமாகிச் செங்கல்லை உள்ளிருந்தே மாவாக்கிவிடும். சில ஆண்டுகளில் பூச்சு உப்பிப் பெயர்ந்து விழும். அப்போது நாம், 'பழைய சுவர் பலமிழந்துவிட்டது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டியதுதான்' என்று தீர்மானம் போடுகிறோம். நோயைத் தந்த மருந்தின்மேல் எவருக்கும் ஐயம் வருவதில்லை.

பராமரிப்பு தவறினால் பழமை மட்டும் எதையும் காப்பாற்றிவிடாது என்பதையும் நாகூரே காட்டியிருக்கிறது. 2020 டிசம்பரில் பெய்த பெருமழையில் தர்காக் குளத்தின் சுற்றுச்சுவரில் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. நீர்நிலையை ஒட்டிய சுவருக்கு ஆண்டுதோறும் கவனிப்பு வேண்டும். விழுந்த பிறகு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகையாகவே இருக்கும்.

நாகூரையேனும் நாடு அறியும். நம் கவலையெல்லாம் பெயர் அறியப்படாத ஊர்ப் பள்ளிகளைப் பற்றியது.

டெல்டாவின் முஸ்லிம் ஊர்களில் பழைய பள்ளிவாசல்களின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தது. தெருவிலிருந்து சில படிகள் ஏறினால் திண்ணை, உள்ளே கல்தூணோ மரத்தூணோ தாங்கும் தாழ்வாரம், ஒருபுறம் ஹவுள், அதற்கப்பால் தடித்த சுவர்களையுடைய உட்பள்ளி. அதன் குளிர்ச்சிக்கு மின்விசிறி தேவைப்பட்டதில்லை. பின்புறம் மையவாடி, ஒரு வேப்பமரம், எங்கேனும் ஒரு தைக்கால். அந்தத் தூண்களைக் கூர்ந்து நோக்கினால், கோயில் மண்டபத்தைக் கட்டிய அதே கைகள் அவற்றையும் செதுக்கியிருப்பது புலப்படும். மனித, விலங்கு உருவங்கள் இரா. தாமரையும் கொடியும் இருக்கும். திருச்சி கோட்டை ரயில் நிலையத்தருகே உள்ள கல்லுப்பள்ளி, ஹிஜ்ரி 116 என ஆண்டு காட்டும் அரபுக் கல்வெட்டுக்காகப் போற்றப்படுவது. அதைப் பார்த்தவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வர்: நான்கு கல்தூணும் கற்கூரையுமாக நிற்கும் ஒரு சிறு மண்டபம் அது. கும்மட்டம் இல்லை, மினாரா இல்லை. ஆயினும் அது பள்ளிவாசல். ஈரானிய ஆய்வாளர் மெஹர்தாத் ஷொகூஹி இத்தகைய கடலோரப் பள்ளிகளை அளந்து, வரைந்து, 2003-இல் ஒரு பெருநூலாகவே வெளியிட்டார். வெளிநாட்டு அறிஞர் ஒருவர் அளவுநாடாவோடு வந்து குறித்துக்கொண்ட தூண்களை, நாம் கடப்பாறையோடு அணுகுகிறோம்.

நாங்கள் நன்கறிந்த ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், அவ்வூரார் இதைப் படித்தால் அறிந்துகொள்வர். அங்கே பழைய பள்ளியை இடித்துவிட்டு இரண்டு மாடியில் புதுப் பள்ளி எழுப்பினர். பணம் வளைகுடாவிலிருந்து வந்தது, உழைத்தவர்கள் நல்லவர்கள், ஒருவர் நிய்யத்திலும் குறை சொல்ல முடியாது. பழைய உட்பள்ளியின் வாசலருகே, சுவரில் பதித்த ஒரு கல் இருந்தது. அரபுத்தமிழில் நான்கைந்து வரிகள். கட்டியவர் பெயர், கொடுத்த நிலம், ஹிஜ்ரி ஆண்டு. இடிக்கும் நாளில் அதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு பெரியவர் சொல்லியிருந்தாராம். அன்று அவர் உடல்நலமின்றி வீட்டில் இருந்துவிட்டார். புல்டோசர் பாதி நாளில் வேலையை முடித்தது. இடிபாடுகள் டிராக்டரில் ஏற்றப்பட்டு, தாழ்ந்த மனைகளை மேடாக்கப் போய்ச் சேர்ந்தன. அந்தக் கல்லும் அவற்றோடு போயிற்று.

இடிப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களை இலேசாகத் தள்ளிவிடவும் கூடாது. ஜும்ஆவுக்கு இடம் போதவில்லை என்பது உண்மை. மக்கள்தொகை பெருகிவிட்டது. பெண்கள் தொழுவதற்கான இடத்தைப் பழைய பள்ளிகள் பெரும்பாலும் எண்ணிப் பார்க்கவில்லை. முழங்கால் வலியுள்ள முதியவர் படியேறி வரமுடிவதில்லை. இவையெல்லாம் நியாயமான தேவைகள். பள்ளிவாசல் அருங்காட்சியகம் அன்று. அங்கே ஐவேளையும் தொழுகை நடக்க வேண்டும். ஆனால் இத்தேவைகளில் எதற்கும் உட்பள்ளியை இடிப்பதுதான் தீர்வு என்றில்லை. பின்புறமோ பக்கவாட்டிலோ இடமுள்ள ஊர்களில் புதுக் கட்டடத்தைத் தனி அடித்தளத்தின்மேல் எழுப்பி, பழையதோடு தாழ்வாரத்தால் இணைக்கலாம். கூடாத ஒன்று உண்டு: பழைய செங்கற்சுவரின் தலையிலேயே கான்கிரீட் தளம் போட்டு மாடி கட்டுவது. இரண்டும் இரு வேறு இயல்புடையவை. சுமையில் முதலில் பிளப்பது பழையது.

கிப்லாத் திசை என்பது இன்னொரு காரணம். தஞ்சைப் பகுதியிலிருந்து கஅபாவின் திசை நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து ஏறத்தாழ 20 பாகை வடக்காகச் சாய்ந்தது. கருவிகள் இல்லாத காலத்தில் நேர் மேற்காகவே கட்டப்பட்ட பள்ளிகள் உண்டு. கைப்பேசியில் திசைகாட்டி வந்தபின் இவ்விவாதம் பல ஜமாஅத்களில் சூடுபிடித்தது. ஸஃப்புக் கோடுகளைச் சாய்த்து வரைந்தால், விரிப்பை அதற்கேற்பப் போட்டால், ஒரு பிற்பகலில் தீர்ந்துவிடும் சிக்கல் இது. மார்க்க அறிஞர்களைக் கேட்டு அவ்வாறே செய்துகொண்ட ஊர்களும் இருக்கின்றன. சுவரை இடிக்க இது ஒரு காரணமே ஆகாது என்பது எங்கள் கருத்து.

எஞ்சியிருப்பது வாய்விட்டுச் சொல்லப்படாத காரணம்: பக்கத்து ஊர்ப் பள்ளி நம்முடையதைவிடப் பெரிதாக இருக்கிறது. அதற்கு விடை சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை.

பள்ளியைப் புதுப்பிப்பதில் கருத்து வேற்றுமை எழுவது நம் காலத்துக்கு மட்டும் உரியதன்று. நபி (ஸல்) அவர்களின் பள்ளி, முதலில் பச்சைச் செங்கல்லாலும் பேரீச்ச ஓலைகளாலும் அமைந்திருந்தது. உமர் (ரலி) அதை விரிவாக்கியபோது பழைய முறையிலேயே கட்டினார்கள். உஸ்மான் (ரலி) ஹிஜ்ரி 29-இல் அதைச் செதுக்கிய கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் எழுப்பி, கூரைக்குத் தேக்கு மரம் வைத்தபோது மக்கள் அதைப் பற்றிப் பலவாறாகப் பேசினர் என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. விரிவாக்கம் கூடாது என்று இதிலிருந்து வாதிட முடியாது. அது நடந்தே இருக்கிறது. நாங்கள் இங்கே கவனிப்பது ஒன்றைத்தான்: பள்ளியைத் தொடுவதற்கு முன் ஊர் பேசியது. ஓர் இளைஞர் குழுவும் ஓர் ஒப்பந்தக்காரரும் மட்டும் முடிவெடுக்கவில்லை. அந்தக் கல், சுண்ணாம்பு, தேக்கு ஆகிய மூன்றும் நம் டெல்டாப் பள்ளிகளின் பொருள்களாகவும் இருந்தன என்பதை எண்ணும்போது உள்ளம் நெகிழ்கிறது.

'தவ்பா' அத்தியாயத்தின் 18-ஆம் வசனத்தில் பள்ளிவாசல்களைப் பற்றி வரும் அரபுச் சொல்லின் வேர், கட்டுவதையும் பராமரிப்பதையும் மனிதர் நிறைந்து புழங்குவதையும் ஒருங்கே குறிப்பது. தமிழில் அதற்கு மூன்று சொற்கள் தேவைப்படுகின்றன. அதனால்தானோ என்னவோ, முதற்சொல்லோடு நாம் நின்றுவிடுகிறோம்.

பள்ளிக்கு ஜமாஅத் இருக்கிறது. வீடுகளுக்கு யார் இருக்கிறார்கள்?

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, இராஜகிரி, பண்டாரவாடை, அடியக்கமங்கலம் என நம் ஊர்களின் பழைய தெருக்களில் நடந்தால், பர்மாவும் மலாயாவும் சைகோனும் அங்கே செங்கல்லாகவும் தேக்காகவும் நிற்பதைக் காணலாம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாடுகளுக்குக் கப்பலேறிய நம் பாட்டன்மார் ஈட்டியதை ஊருக்கு அனுப்பினார்கள். பர்மாத் தேக்கில் தூண்களும் உத்திரங்களும் வந்தன. உள்ளூர்க் கொத்தனார் சுவரெழுப்பினார். ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு என்று வீடு உள்நோக்கி நீண்டது. ஆண்கள் ஆண்டுக்கணக்கில் கடல்கடந்து இருந்த அவ்வீடுகளை ஆண்டவர்கள் பெண்கள். முற்றத்தின் வெளிச்சத்தில் மாவு இடித்ததும், ஓதிக் கொடுத்ததும், வந்த கடிதத்தைப் படிக்கத் தெரிந்தவரைச் சூழ்ந்து அமர்ந்ததும் அங்கேதான். வெளியார் பார்வை படாமல், ஆனால் காற்றும் வானமும் தடைப்படாமல் வாழும் ஓர் ஒழுங்கை அந்த முற்றம் அளித்தது. இன்றைய அடுக்குமாடி வரைபடங்களில் அதற்கு இடமில்லை.

1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது அந்த வரவின் ஒரு கிளை முறிந்தது. 1960-களில் அங்கே கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது முற்றிலும் அற்றுப்போனது. பின்னர் வந்த வளைகுடாப் பணம் பழைய வீட்டைப் பேணவில்லை. ஊரின் ஓரத்தில் வயலை மனையாக்கிப் புது வீடு கட்டியது. பழைய தெருவில் பூட்டுகள் பெருகின.

பூட்டுக்குப் பின்னே இருப்பது நம் வாரிசுரிமை. பாட்டனார் பெயரில் உள்ள வீட்டுக்கு இன்று நாற்பது பங்குதாரர் இருப்பர். ஒருவர் சிங்கப்பூரில், இருவர் கோலாலம்பூரில், மூவர் துபாயில், மற்றவர் சென்னையில். ஒருவருக்கு எட்டில் ஒன்றின் ஏழில் ஒன்று. மழைக்கு முன் ஓடு மாற்றுவதற்கு யார் பணம் கொடுப்பது? கொடுத்தவர் நாளைக்குக் கூடுதல் உரிமை கேட்பாரோ என்னும் ஐயம் வேறு. எவரும் கொடுப்பதில்லை. ஓடு நகர்கிறது, மழைநீர் உத்திரத்தில் இறங்குகிறது, கறையான் ஏறுகிறது. முடிவில் மரச்சாமான் வாங்கும் தரகர் வருகிறார். நம் வீட்டுத் தூண் காரைக்குடியின் பழம்பொருள் கடையில் நின்று, ஏதோ ஒரு விடுதியின் வரவேற்பறைக்குப் போய்விடுகிறது. அதன் விலையில் நமக்கு வந்த பங்கு ஓர் விமானச் சீட்டுக்கும் போதாது.

அல்லாஹ் வகுத்த பங்கீட்டில் குறையில்லை. அதை உரிய காலத்தில் நிறைவேற்றாமல் மூன்று தலைமுறைக்குத் தள்ளிப்போட்டதுதான் குறை. பாட்டனார் இறந்த ஆண்டிலேயே மதிப்பிட்டு, வேண்டுபவர் மற்றவர் பங்கை விலைகொடுத்துப் பெற்றிருந்தால் வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்திருப்பார். இப்போதும் வழி அடைபடவில்லை. பங்குதாரர் அனைவரும் இசைந்தால் வீட்டை வக்ஃபாக்கி, மக்தப், நூலகம், பெண்கள் தையல் பயிலும் இடம், திருமண மண்டபம் என்று ஊருக்குப் பயன்படச் செய்யலாம். சந்ததிக்கென விடப்படும் குடும்ப வக்ஃபும் ஒரு வழி. 1894-இல் லண்டன் பிரிவிக் கவுன்சில் அம்முறையைச் செல்லாததாக்கியபோது, இந்திய முஸ்லிம்கள் போராடி 1913-இல் தனிச்சட்டம் கொண்டுவந்து அதை மீட்டனர். பெண் வாரிசுகளின் பங்கை அதன் பெயரால் மறுக்கக்கூடாது என்று இன்றைய சட்டம் நிபந்தனை விதிக்கிறது. அது மார்க்கமும் சொல்வதுதான்.

பழையதைக் காத்துக்கொண்டே புதிய பயனுக்கு மாற்றுவது என்பது பேச்சளவில் உள்ள கனவன்று. நம் மக்களே செய்து காட்டியது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில், கடல் அப்போது தெருவின் வாசல்வரை இருந்த காலத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம்மவர் 1828-க்கும் 1830-க்கும் இடையே நாகூர் தர்காவின் நினைவாக ஒரு கட்டடம் எழுப்பினர். கீழே மேற்கத்தியப் பாணித் தூண்கள்; மேலே நாகூர் மினாராக்களின் சிறு வடிவங்கள். அதில் அடக்கத்தலம் எதுவும் இல்லை. கடல் கடந்தவர்களின் ஊர் ஏக்கம் மட்டுமே இருந்தது. 1974-இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பிறகு கட்டடம் பழுதுற்று நெடுநாள் மூடிக்கிடந்தது. அதை இடிக்கவில்லை. சீரமைத்து, 2011-இல் இந்திய முஸ்லிம் மரபு மையமாகத் திறந்தார்கள். இன்று அங்கே பள்ளிப் பிள்ளைகள் வந்து, தம் மூதாதையர் எந்தக் கரையிலிருந்து வந்தனர் என்று அறிந்து செல்கின்றனர். அதே தெருவில், 1827-இல் ஓலைக்குடிசையாகத் தொடங்கி 'குச்சுப் பள்ளி' என்று பெயர்பெற்ற அல்-அப்ரார் பள்ளியில் இன்றும் பாங்கு ஒலிக்கிறது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நம்மவர் கட்டிய கப்பித்தான் கெலிங் பள்ளி, 2008-இல் உலக மரபுச் சின்னமான நகரப் பகுதிக்குள் இருக்கிறது. நாகூரிலிருந்து சென்ற மக்களின் கட்டடங்கள் கடலுக்கப்பால் பெற்ற மதிப்பை, அவர்கள் புறப்பட்டு வந்த தெருக்கள் பெறவில்லை.

அண்மையிலேயே எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் தரங்கம்பாடிக்குச் செல்லலாம். 1620-இல் இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்ற டென்மார்க்குக்காரர், 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை அங்கிருந்தனர். ஆழிப்பேரலைக்குப் பின்னர் டென்மார்க்கின் அமைப்புகளும் இன்டாக்கும் அரசுத் துறைகளும் சேர்ந்து கோட்டையையும் ஆளுநர் மாளிகையையும் சில தெருவீடுகளையும் சீரமைத்தன. எவருடைய முன்னோரோ கட்டியதற்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து செலவிட்டனர். புதுச்சேரி வைசியாள் தெருவில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே வெளிநாட்டு உதவியோடு இன்டாக் தெருவின் தமிழ் வீடுகளுடைய முகப்புகளைச் சீரமைத்தது. வீட்டுக்காரரும் செலவில் பங்கேற்றனர். திண்ணையும் தாழ்வாரமும் மீண்டன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது அத்தெருவுக்குக் கிடைத்தது. தனித்தனி வீடாக அன்றி, ஒரு தெருவாக எண்ணிப் பார்த்ததுதான் அங்கே வேலை செய்தது. கூத்தாநல்லூரிலோ அதிராம்பட்டினத்திலோ ஒரே ஒரு தெரு இப்படி முன்வந்தால் போதும்.

இங்கே ஓர் அச்சம் குறுக்கிடுவதை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம்: 'மரபுச் சின்னம் என்று வாய் திறந்தால் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ளும், பிறகு ஓர் ஆணி அடிக்கவும் மனுப் போட வேண்டும், தொழவும் விடமாட்டார்கள்.' இந்த அச்சம் வெறும் கற்பனையன்று. மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. 2025-இல் திருத்தப்பட்ட வக்ஃபு சட்டமோ, பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்த இடத்தை வக்ஃபு என அறிவித்திருந்தால் அவ்வறிவிப்புச் செல்லாது என்கிறது. ஆகவே தயங்குவோரைக் குறைகூற மாட்டோம்.

ஆனால் ஒரு கட்டடத்தைப் பேணுவதற்கு அதை அரசுச் சின்னமாக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஜமாஅத்தே பேணலாம். அதே 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நம்மை வேறொரு வகையில் தொடும் மாற்றம் உண்டு. நெடுங்காலப் பயன்பாட்டினாலேயே ஓரிடத்தை வக்ஃபு என ஏற்கும் முறை இனிமேல் இல்லை. முன்பே பதிவானவை மட்டும், வழக்கிலோ அரசு நிலத்திலோ சிக்காதவரை, அவ்வாறே தொடரும். ஊர்ப் பள்ளிகள் பலவற்றுக்குப் பத்திரம் கிடையாது. நிலம் கொடுத்தவர் வாய்ச்சொல்லால் கொடுத்தார்; ஊர் தொழுதது; அதுவே பத்திரம். அத்தகைய ஊரில் சுவரில் பதித்த கல், ஆண்டு பொறித்த மரக்கதவு, மையவாடியின் மீசான் கல் ஆகியவை அழகுப் பொருள்கள் மட்டுமல்ல. நாளை ஒரு வழக்கறிஞர் கேட்கப்போகும் சான்றுகள். அவற்றை நம் கையாலேயே டிராக்டரில் ஏற்றி அனுப்புகிறோம்.

கைத்திறன் இல்லையே என்பாருக்கு ஒரு செய்தி. கும்பகோணத்தை அடுத்த துக்காச்சியில், சிதைந்து கிடந்த ஆபத்சகாயேசுவரர் கோயிலை மரபுமுறையில் மீட்டெடுத்த பணிக்கு, யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது 2024-இல் கிடைத்தது. அதே தஞ்சை மாவட்டம், அதே மண், சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கைகள் இன்னும் அங்கே இருக்கின்றன. அன்று நம் பள்ளியின் தூணைச் செதுக்கியவர்கள் கோயில் கட்டியவர்களே. அவர்களின் வழிவந்தோரை மீண்டும் அழைப்பதில் நமக்கென்ன தயக்கம்? சுண்ணாம்பு வேலைக்குத் தை பிறந்த பிறகு, மழை ஓய்ந்த மாதங்களே ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கினால் பூச்சு உலராது, செலவு வீணாகும். வெயில் முற்றினால் ஈரச்சாக்கு போர்த்தி நிழல் கொடுக்க வேண்டும். மேற்கூரையின் ஒழுக்கை முதலில் அடைத்து, மழைநீர் சுவரடியில் தேங்காமல் வடிகால் வெட்டி, சிமெண்டுப் பூச்சைப் பக்குவமாக உரித்துச் சுவரை ஒரு கோடை முழுவதும் உலரவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். இதற்கெல்லாம் ஆகும் தொகை, புதுக் கும்மட்டம் ஒன்றுக்கு ஆவதைவிடக் குறைவு.

இடிக்கத்தான் வேண்டும் என்று ஓர் ஊர் முடிவெடுத்துவிட்டால், அதற்கு முன் ஒரே ஒரு நாளை மட்டும் ஒதுக்குங்கள் என்று கேட்கிறோம். ஊர் இளைஞர்களின் கைப்பேசிகள் போதும். ஒவ்வொரு தூணையும், கதவையும், எழுத்துள்ள ஒவ்வொரு கல்லையும் வெளிச்சமுள்ள காலை வேளையில் படமெடுத்து, நீள அகலத்தைத் தாளில் குறித்து, எழுதிய கல்லைக் கையால் பெயர்த்துப் புதுப் பள்ளியின் சுவருக்கென எடுத்து வையுங்கள். முத்தவல்லியின் பொறுப்பில் அது இருக்கட்டும்.

முன்னர் சொன்ன அந்த ஊரின் கல்லைத் தேடி நாங்கள் வீடு வீடாகக் கேட்டோம். கிடைத்தது ஒரே ஒரு படம். 1980-களில் அப்பள்ளியில் நடந்த ஒரு நிக்காஹ்வில் எடுத்தது. மாப்பிள்ளை தலைப்பாகையும் மல்லிகை மாலையுமாக வாசலருகே நிற்கிறார். அவர் தோளுக்குப் பின்னே அந்தக் கல். கொடையாளியின் பெயரில் முதல் மூன்று எழுத்துகள் தெரிகின்றன. ஆண்டின் முதல் இரண்டு இலக்கங்கள் 1, 2. மற்ற இரண்டையும் பூமாலை மறைத்துவிட்டது. ஹிஜ்ரி 1200 என்றால் ஆங்கிலக் கணக்கில் 1785; 1299 என்றால் 1882. அப்பள்ளியின் வயது இந்த நூறாண்டு இடைவெளிக்குள் எங்கோ இருக்கிறது. அன்று படமெடுத்தவர் ஒரு சுருள் முழுவதும் எடுத்திருப்பார் என்கிறார், இப்போது தாத்தாவாகிவிட்ட அந்த மாப்பிள்ளை. அந்த நிக்காஹ்வின் வேறு படங்கள் எவர் வீட்டுப் பெட்டியிலேனும் இருந்தால், எங்களுக்கு அறிவியுங்கள்.